விமானத்திற் கைத்தொலைபேசி

விமானம் ஓடுபாதையை நோக்கி நகரத் தொடங்கியதும், கைத்தொலைபேசிகளை நிறுத்துமாறு, அன்றேல் அவற்றின் அலைத்தொடர்பைத் துண்டிக்குமாறு பணியாளர் அறிவிப்பர். கேட்போருட் பெரும்பாலார் அதற்கு அமைகின்றனர். சிலர் அமைவார் போலக் காட்டிக் கருவியைச் சட்டைப்பையில் இடுகின்றனர். ஏன் நிறுத்தல் வேண்டும் என வினவினால், விமானத்தின் கருவிகள் குழம்பிவிடும் என்பதே பலரும் கூறும் விடை. அவ்விடை முழுதும் பொய்யன்று, முழுதும் மெய்யுமன்று.

பிரயாணிகள் விமானத்திற் கைத்தொலைபேசியைப் பயன்படுத்த விடலாமோ என்பது ஒரு வினாப்போலத் தோன்றினும், உண்மையில் மூன்று வினாக்களின் பிணைப்பாகும். தொலைபேசியின் அலைகள் விமானத்தின் வழிகாட்டுங் கருவிகளைக் குழப்புமோ என்பது ஒன்று. நிலத்திலுள்ள தொலைபேசி அமைப்பைக் குலைக்குமோ என்பது மற்றொன்று. நெருங்கிய இருக்கைகளில் அடைபட்டிருக்கும் மாந்தரின் அமைதியைக் கெடுக்குமோ என்பது பிறிதொன்று. முன்னைய இரண்டும் விஞ்ஞானத்தாலும் பொறியியலாலும் விடை காணத்தக்கன. மூன்றாவது மக்கள் ஒழுக்கத்தைப் பற்றியது. ஒன்றுக்குரிய விடையை மற்றொன்றுக்குக் கூறி வந்தமையாலேயே இவ்விடயத்திற் குழப்பம் நிலவி வருகின்றது.

தடையின் வரலாறு கைத்தொலைபேசிக்கு முற்பட்டது. 1950களின் பிற்பகுதியிற் கையிற் கொண்டு செல்லத்தக்க சிறு வானொலிப் பெட்டிகள் மலிந்தன. பிரயாணிகள் அவற்றை விமானத்துக்குட் கொண்டுவந்து பாட்டும் செய்தியுங் கேட்கலாயினர். அவற்றால் விமானத்தின் திசைகாட்டுங் கருவிகளிற் பிறழ்ச்சி உண்டாதல் அறியப்பட்டது. ஐக்கிய அமெரிக்க நாட்டின் விமானத்துறை அதிகாரிகள் 1961இல் எவ். எம். வானொலிப் பெட்டிகளை விமானத்தில் இயக்குதலைத் தடைசெய்தனர்.

வானொலிப் பெட்டி அலையைப் பெறுவதேயன்றி அனுப்புவதன்றே. அஃது எவ்வாறு தீங்கு செய்யும் என்று ஐயுறலாம். அதன் உள்ளமைப்பை நோக்கின் உண்மை புலனாகும். ஒரு செக்கனிற் பத்து இலட்சம் முறை அதிரும் அலையின் மீடிறன் ஒரு மெகாஹேட்ஸ் எனப்படும். எவ். எம். ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹேட்ஸ் வரையுள்ள மீடிறன்களில் நிகழ்வது. பெட்டியானது தான் பெறும் அலையை நேரே ஒலியாக மாற்றுவதில்லை. தன்னுள்ளே வேறோர் அலையைப் பிறப்பித்து, வந்த அலையோடு அதனைக் கலந்து, இரண்டன் வேறுபாடாகிய 10.7 மெகாஹேட்ஸ் அலையையே கையாள்கின்றது. ஆகவே 103.1 மெகாஹேட்சில் ஒலிபரப்பும் நிலையமொன்றைக் கேட்போனது பெட்டி, தன்னுள் 113.8 மெகாஹேட்ஸ் அலையைப் பிறப்பித்துக்கொண்டிருக்கும். அதிற் சிறு பகுதி வெளியே கசியும். விமானங்களுக்குத் திசை காட்டும் நிலத்து நிலையங்கள் அலை அனுப்புவதோ 108 முதல் 118 மெகாஹேட்ஸ் வரையுள்ள எல்லையில்! நெடுந்தொலைவிலிருந்து மெலிந்து வரும் வழிகாட்டு அலையும், சில மீற்றர் தூரத்திற் கசியும் பாட்டுப் பெட்டியின் அலையும் ஒரே மீடிறனிற் சந்திக்குமாயின், அண்மையிலுள்ளது மேலோங்குதல் இயல்பேயாம். பிரயாணியோ தான் ஏதும் அனுப்பவில்லை என்றே எண்ணியிருப்பான்.

இவ்வனுபவத்திலிருந்து பிறந்ததே இன்றும் அமெரிக்காவில் நிலவும் பொது விதி. எடுத்துச் செல்லத்தக்க இலத்திரனியற் கருவி எதனையும் விமானத்தில் இயக்கலாகாது. இயக்க விடுவதாயின், அதனால் இடையூறு இல்லையென விமானத்தை நடத்துவோர் துணிந்திருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். செவிப்புலக் கருவி, இதயத்தை இயக்கும் கருவி, குரற்பதிவுக் கருவி, மின்சாரச் சவரக் கருவி என்பனவற்றுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. முகம் மழித்துக்கொண்டு இறங்குதல் அக்காலப் பிரயாணிகளுக்கு அத்துணை இன்றியமையாததாய் இருந்தது போலும்! இவ்விதியில் நுணுகி நோக்கற்பாலது, நிறுவும் பொறுப்பு யார் மேலது என்பதாகும். தீங்கு உண்டென்று அரசு நிறுவ வேண்டியதில்லை. தீங்கு இல்லையென்று நிறுவனமே நிறுவ வேண்டும். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான புதிய தொலைபேசி வகைகள் சந்தைக்கு வருகின்றன. அவை ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விமான வகையிலுஞ் சோதிக்க எந்நிறுவனம் முன்வரும்? எல்லாவற்றையும் ஒருங்கே தடுத்துவிடுதலே அவற்றுக்கு எளிதாயிற்று.

இனி, கைத்தொலைபேசியை நோக்கினால், அது வானொலிப் பெட்டியைப் போலத் தற்செயலாக அலை கசிவதன்று. அலை அனுப்புதலே அதன் தொழில். 1990களிற் பரவிய ஜி. எஸ். எம். தொலைபேசி 900 மெகாஹேட்ஸ் எல்லையில் உச்சமாக 2 உவாற்று வலுவுடன் அலையனுப்ப வல்லது. ஆயினும் அதன் மீடிறன் வேறு, விமானக் கருவிகளின் மீடிறன் வேறு. இறங்கும் விமானத்துக்கு ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் அலை 108 முதல் 112 மெகாஹேட்ஸ் எல்லையிலும், இறங்கு சரிவைக் காட்டும் அலை 329 முதல் 335 வரையுள்ள எல்லையிலும் உள்ளன. செய்மதிகளிலிருந்து வரும் இடங்காட்டு அலை 1575.42 மெகாஹேட்ஸ் ஆகும். மீடிறன்கள் வேறாயிருக்க, இடையூறு எவ்வழி வரும்?

இரு வழிகளால் வரலாம். எந்த அலைக் கருவியும் தனக்குரிய மீடிறனில் மட்டுமன்றி, வேண்டாத பிற மீடிறன்களிலும் சிறிது வலுவைச் சிந்தும். பழுதுற்ற கருவியாயின் அச்சிந்துதல் மிகும். மற்றையது, வலிய அலை அண்மையிலுள்ள கம்பிகளிற் புகுந்து, கருவியின் உட்சுற்றுக்களில் மின்னோட்டத்தை எழுப்புதல். வானொலிப் பெட்டியின் அருகே ஜி. எஸ். எம். தொலைபேசி வைக்கப்பட்டிருக்கும்போது, அழைப்பு வருவதற்குச் சற்று முன்னர்ப் பெட்டியிற் கரகரவென ஓர் இரைச்சல் எழுந்ததைப் பலர் கேட்டிருப்பர். அத்தொலைபேசி இடைவிடாது அலையனுப்புவதன்று. செக்கனுக்கு 217 முறை துடித்துத் துடித்து அனுப்புவது. அத்துடிப்பே இரைச்சலாகக் கேட்கின்றது. விமானிகளின் காதணிக் கருவிகளிலும் இவ்விரைச்சல் கேட்டதுண்டு.

இறங்குங் கருவி செயற்படும் முறையை அறிந்தாற் கவலையின் காரணம் விளங்கும். ஓடுபாதையின் மறுமுனையிலுள்ள நிலையம் இருபுறமும் சாய்ந்த இரு கற்றைகளை அனுப்புகின்றது. ஒன்றிற் செக்கனுக்கு 90 அதிர்வும் மற்றதில் 150 அதிர்வும் ஏற்றப்பட்டிருக்கும். விமானத்துக் கருவி இவ்விரண்டன் வலிமையை ஒப்பிடும். இரண்டுஞ் சமமாயின் விமானம் நேர்கோட்டில் உள்ளது. ஒன்று மிகின் ஒருபுறம் விலகியுள்ளது. மூடுபனியில் ஓடுபாதை கண்ணுக்குப் புலப்படாத வேளையில், விமானி நம்பியிருப்பது இந்த ஒப்பீட்டையே. பத்தாயிரம் மீற்றர் உயரத்திற் கருவியின் முள் ஒரு கணம் தடுமாறினாற் கேடில்லை. அறுபது மீற்றர் உயரத்தில் அவ்வாறு கூறவியலாது.

இக்கவலை வெறுங் கற்பனையோ எனச் சோதித்தோர் உளர். பிரித்தானியச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை 1999இல் நிறுத்தப்பட்டிருந்த இரண்டு விமானங்களினுட் சோதனை நடத்தியது. பழைய நியமங்களின்படி அங்கீகாரம் பெற்ற கருவிகள் எவ்வளவு அலையைத் தாங்குமென முன்னர்க் காட்டப்பட்டதோ, அவ்வளவை மிஞ்சிய அலையைத் தொலைபேசி தோற்றுவித்தல் கூடும் என அதனால் அறியப்பட்டது. 2003இல் அச்சபை வெளியிட்ட ஆய்வுக்கூடச் சோதனைகளில், திசையறி கருவியின் முள் உறைந்து நின்றமையும், உண்மைத் திசையைத் தாண்டிச் சென்றமையும், காட்டிகள் நிலைதளர்ந்தமையும் பதிவாயின.

அதே ஆண்டு யூன் 6ஆந் திகதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகருக்கு அண்மையில் ஒரு சிறு விமானம் பார்வை குன்றிய வேளையில் இறங்குங்கால், ஓடுபாதையை எட்டுமுன் நிலத்தில் மோதி, எண்மர் உயிரிழந்தனர். விமானியின் சொந்தக் கைத்தொலைபேசி கடைசி நிமிடங்களில் அழைப்பில் இணைந்திருந்தமை விசாரணையில் வெளிப்பட்டது. அஃது அவர் கருவிகளிற் பிழையான காட்டலை உண்டாக்கியிருத்தல் கூடும் என்றனர் விசாரித்தோர். கூடும் என்றனரேயன்றி, உண்டாக்கியது என்றாரல்லர்.

இச்சொல் வேறுபாடே இத்துறை முழுவதையும் ஆட்கொண்டுள்ளது. பிரயாணியின் தொலைபேசியே காரணமென்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட பெருவிமான விபத்து ஒன்றேனும் இல்லை. ஆயின் தொலைபேசிகள் யாண்டும் தீங்கற்றன எனவும் எவரும் நிறுவவில்லை. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் விமானங்களின் உள்ளே அலையளக்கும் கருவியைக் கொண்டு சென்று 37 பறப்புகளில் அளந்தனர். தடை இருந்தும், ஒரு பறப்பிற் சராசரி ஒன்று முதல் நான்கு அழைப்புகள் நிகழ்வதைக் கண்டு 2006இல் வெளியிட்டனர். இம்முடிவை இருதரத்தாரும் தத்தமக்குச் சான்றாகக் கொண்டமை வியப்பிற்குரியது. இத்தனை அழைப்புகள் நிகழ்ந்தும் விமானங்கள் பத்திரமாக இறங்கினவே என்றனர் ஒரு சாரார். இத்தனை அழைப்புகள் நிகழ்கின்றனவாதலின் ஒருநாட் பழுதுற்ற கருவியும் பழைய விமானமும் மூடுபனியும் ஒருங்கு கூடும் என்றனர் மற்றையோர். ஆய்வாளர் பின்னைய கருத்தினரே.

இரண்டாவது வினாவுக்கு வந்தால், பலர் அறியாத ஓர் உண்மையைக் காணலாம். அமெரிக்காவில் ஆகாயத்திற் கைத்தொலைபேசியைப் பெயர் சொல்லித் தடுத்தது விமானத்துறை அன்று. 1991இல் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு இயற்றிய விதியே அதனைச் செய்தது. விமானமாயினுமாக, பலூனாயினுமாக, நிலத்தை விட்டு எழுந்தபின் அதிலுள்ள கைத்தொலைபேசி இயங்கலாகாது என்றது அவ்விதி. அதன் நோக்கம் விமானத்தைக் காத்தலன்று. நிலத்திலுள்ள தொலைபேசி அமைப்பைக் காத்தலாகும்.

கைத்தொலைபேசி அமைப்பின் அடிப்படை, நிலப்பரப்பைச் சிறு சிறு வட்டங்களாகப் பிரித்தலே. வட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோபுரம் உண்டு. ஒரு கோபுரம் கையாளும் மீடிறனையே சற்றுத் தொலைவிலுள்ள இன்னொரு கோபுரமும் கையாளும். இடையிலுள்ள மனைகளும் மரங்களும் நிலத்தின் வளைவும் ஒன்றின் அலை மற்றதை எட்டாது தடுக்கும். சில மீடிறன்களைக் கொண்டே பல இலட்சம் மக்கள் பேசுவது இச்சிக்கனத்தினால். நிலத்திலிருந்து பேசுவோன் ஒன்றிரண்டு கோபுரங்களுக்கே புலப்படுவான். பத்தாயிரம் மீற்றர் உயரத்திலிருந்து பேசுவோனோ பல கோபுரங்களுக்கு ஒருங்கே புலப்படுவான். அத்தனை கோபுரங்களிலும் ஒரு மீடிறன் அவனால் அடைபடும். அன்றியும் மணிக்கு எண்ணூறு கிலோமீற்றருக்கு மேல் விரையும் அவனை ஒரு கோபுரத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றிக் கொடுத்தல் அவ்வமைப்புக்கு இயலாத காரியம். தொலைபேசியின் துயரும் குறைந்ததன்று. கோபுரங்கள் தம் அலையை மண்ணை நோக்கியே செலுத்துவதால், மேலே கிடைப்பது மிச்சம் மீதியே. பதில் கிடையாத தொலைபேசி தன் குரலை உயர்த்தி உயர்த்தி, உச்ச வலுவில் அலையனுப்பத் தொடங்கும். முதலாம் வினாவும் இரண்டாம் வினாவும் சந்திக்கும் இடம் இதுவே.

இந்நூற்றாண்டின் பெருந்துயர் நாட்களுள் ஒன்றாகிய 2001 செப்டெம்பர் 11இல், கடத்தப்பட்ட விமானங்களிலிருந்து பிரயாணிகள் தம் உறவினரோடு பேசினர் என்பது உலகறிந்தது. அவ்வழைப்புகளைக் காட்டித் தடையை எள்ளுவோர் உளர். ஆயின் பென்சில்வேனியாவில் வீழ்ந்த 93ஆம் இலக்கப் பறப்பிலிருந்து வந்த அழைப்புகளுட் பெரும்பாலன இருக்கையின் பின்புறத்திற் பொருத்தப்பட்டிருந்த தொலைபேசிகளிலிருந்து வந்தவை. அவை 1984 முதல் அமெரிக்க விமானங்களில் இருந்தவை. தமக்கென ஒதுக்கிய மீடிறன்களும் தமக்கென நிலையங்களும் உடையவை. பிரயாணிகளின் சொந்தத் தொலைபேசிகளிலிருந்து எழுந்தவை மிகச் சில. அவையும் விமானம் தாழப் பறந்த இறுதி வேளையில் எழுந்தன. ஆபத்து வேளையில் வெளியுலகத்தோடு தொடர்பு வேண்டும் என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்றாகும்; நிலத்துக் கோபுரத்தை நம்பலாம் என்பதற்குச் சான்றாகாது.

பொறியியலாளர் கண்ட வழி எளியது. கோபுரம் தொலைவிலிருப்பதாலன்றோ தொலைபேசி உரத்துக் கூவுகின்றது? கோபுரத்தை விமானத்தினுள்ளேயே வைத்துவிட்டால் என்? விமானத்தின் உட்கூரையில் ஒரு சிறு நிலையம் அமைக்கப்படும். பிரயாணிகளின் தொலைபேசிகள் அதனோடு இணையும். அது செய்மதி வழியாக நிலத்தோடு இணையும். நிலையம் சில மீற்றர் தூரத்தில் இருப்பதால், தொலைபேசி தன்னாலியன்ற மிகக் குறைந்த வலுவிற் பேசுமாறு கட்டளையிடப்படும். இரண்டு உவாற்றில் முழங்கக்கூடிய கருவி, உவாற்றின் ஆயிரத்திலொரு பங்கில் முணுமுணுக்கும். கீழுள்ள கோபுரங்களை அது தேடாவண்ணம் அவற்றின் அலையை மறைக்கும் மெல்லிரைச்சலும் விமானத்தினுட் பரப்பப்பட்டது. தொலைபேசியைத் தடுப்பதிலும் அதற்கு இடங்கொடுப்பது அலைப்பெருக்கைக் குறைக்கும் என்னும் இம்முடிவு கேட்போர்க்கு முரணாகத் தோன்றலாம். மறைத்து வைத்த தொலைபேசி உச்ச வலுவிற் கூவுவதை எண்ணிப் பார்ப்போர்க்கு அதில் முரணில்லை.

எமிரேற்ஸ் நிறுவனத்தின் விமானம் ஒன்று 2008 மார்ச் 20ஆந் திகதி துபாயிலிருந்து கசபிளாங்காவுக்குப் பறக்குங்கால், இம்முறைப்படி அனுமதிக்கப்பட்ட முதலாவது அழைப்பு நிகழ்ந்தது. அவ்வாண்டிலேயே ஐரோப்பிய ஆணையம் தன் உறுப்பு நாடுகளுக்குரிய பொது விதிகளை வகுத்தது. மூவாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலேயே நிலையம் இயங்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. 2014இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகவரகம், தன் விமானத்தின் தாங்குதிறனைச் சோதித்து நிறுவிய நிறுவனம் பறப்பு முழுவதும் தொலைபேசிகளை இயங்கவிடலாம் என்றது. 2022இல் ஐந்தாந் தலைமுறை அலைகளுக்கும் ஐரோப்பிய ஆணையம் விமானங்களில் இடமளித்தது. இந்தியாவும் 2018இல் மூவாயிரம் மீற்றருக்கு மேல் இத்தகைய சேவையை அனுமதிக்கும் விதிகளை இயற்றியது.

ஆகவே முதலிரு வினாக்களும், உரிய நிலையம் பொருத்தப்பட்டுச் சோதிக்கப்பட்ட விமானத்தைப் பொறுத்தவரை, பெரிதுந் தீர்ந்தன எனலாம். நிலையமில்லா விமானத்தில் அவை தீரவில்லை. அங்கு அலைத்தொடர்பைத் துண்டிக்குமாறு கூறும் அறிவித்தல் இன்றும் பொருளுடையதே. அலையின் தீங்கு எத்திசையிலிருந்தும் வரலாம் என்பதற்குப் பிற்காலத்துச் செய்தி ஒன்று போதும். 2022 சனவரியில் அமெரிக்காவில் ஐந்தாந் தலைமுறைத் தொலைபேசிக் கோபுரங்கள் 3.7 கிகாஹேட்சுக்கு மேற்பட்ட மீடிறன்களில் இயங்கத் தொடங்கியபோது, 4.2 முதல் 4.4 கிகாஹேட்ஸ் எல்லையில் இயங்கும் விமானங்களின் உயரமானிகள் குழம்பலாம் என அஞ்சப்பட்டது. நிலையங்களை அண்டிய கோபுரங்கள் சில காலம் அடக்கி வைக்கப்பட்டன; சில பறப்புகள் நிறுத்தப்பட்டன. அவ்வச்சத்துக்குக் காரணம் எந்தப் பிரயாணியின் சட்டைப்பையும் அன்று.

அமெரிக்காவில் நிகழ்ந்தது வேறு. 2013 ஒக்ரோபர் 31ஆந் திகதி, சமஷ்டி விமானப் போக்குவரத்து நிருவாகம், அலைத்தொடர்பைத் துண்டித்த நிலையிற் சிறு கருவிகளைப் புறப்பாடு முதல் இறக்கம் வரை பயன்படுத்தலாம் என இசைந்தது. நூல் வாசித்தற்கும் படம் பார்த்தற்கும் இருந்த தடை அவ்வாறு நீங்கிற்று. அவ்வாண்டு திசெம்பரிற் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு, 1991இன் விதியைத் தளர்த்துதல் பற்றிப் பொதுமக்கள் கருத்தைக் கேட்க மூவருக்கு இருவர் என்ற வாக்கினால் தீர்மானித்தது. பொறியியற் காரணம் மறைந்துவிட்டது. ஆதலின் பொறியியற் காரணத்தால் விதித்த தடையும் மறைய வேண்டும் என்பதே ஆணைக்குழுவின் வாதம். அவ்வாதத்திற் குறையேதுமில்லை. ஆயினும் எதிர்ப்புப் பெருவெள்ளமாக எழுந்தது. எதிர்த்தோர் அலையைப் பற்றிப் பேசினாரல்லர். பக்கத்து இருக்கையிலிருந்து எழும் பேச்சொலியைப் பற்றியே பேசினர். அப்போது தலைவராயிருந்த தொம் வீலர், பக்கத்திலிருப்போர் ஓயாது பேசுவதைத் தாமும் விரும்புவதில்லை என்றும், ஆனால் தம்முடையது தொடர்பாடல் ஆணைக்குழுவேயன்றி மரியாதை ஆணைக்குழு அன்று என்றும் விடை கூறினார். ஏழாண்டுகள் கிடப்பிற் கிடந்த அம்முன்மொழிவு 2020இற் கைவிடப்பட்டது.

மூன்றாவது வினா இங்கே தன் உண்மை உருவில் வெளிப்படுகின்றது. பக்கத்திலிருக்கும் இருவர் தம்முட் பேசுவதைப் பொறுக்கும் பிரயாணி, ஒருவர் தொலைபேசியிற் பேசுவதை ஏன் பொறுப்பதில்லை? இது வெறும் மனச்சுருக்கம் எனத் தள்ளத்தக்கதன்று. கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் 2010இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்கு விளக்கந் தருகின்றது. கவனத்தை வேண்டும் பணியொன்றில் ஈடுபட்டோரை, ஒருவேளை முழு உரையாடலையும், ஒருவேளை அதன் ஒரு பாதியை மட்டும் கேட்குமாறு செய்தனர். முழு உரையாடல் அவர்களை அத்துணை இடையூறு செய்யவில்லை. பாதி உரையாடலே அவர்தம் பணியைக் கெடுத்தது. கேட்ட சொல்லிலிருந்து வரப்போகும் சொல்லை முன்னுணர்தல் மனத்தின் இயல்பு. பாதி மறைந்த பேச்சில் அம்முன்னுணர்வு மீண்டும் மீண்டும் தோல்வியுறுகின்றது. தோல்வியுறுந்தோறும் மனம், தான் விரும்பாவிடினும், அப்பேச்சின்பால் இழுக்கப்படுகின்றது. காதை மூட இமையில்லை. புகையிரதத்தில் இருப்போன் எழுந்து அடுத்த பெட்டிக்குச் செல்லலாம்; ஆகாயத்திற் பன்னிரண்டு மணிநேரம் வாருக்குட் கட்டுண்டு கிடப்போன் எங்குச் செல்வான்?

புகையிரதங்கள் கண்ட வழி நோக்கத்தக்கது. யப்பானின் சிங்கன்சென் வண்டிகளிற் பேச விரும்புவோர் பெட்டிகளுக்கு இடையேயுள்ள முகப்புக்குச் சென்று பேசுமாறு வேண்டப்படுகின்றனர். அமெரிக்காவின் அம்றாக் நிறுவனம், நாள்தோறும் பயணஞ் செய்வோரின் வேண்டுகோளுக்கு இணங்கி, பேச்சற்ற பெட்டி ஒன்றைத் தன் வண்டிகளில் இணைத்தது. இவ்விரு வழிகளுக்கும் இடம் வேண்டும். விமானத்திற் கிடைத்தற்கரியது அதுவே.

மறுதரத்தாரின் வாதத்துக்கும் உரிய மதிப்பளித்தல் வேண்டும். அமெரிக்க விமானத்துறை நிருவாகம், இச்சேவையை அனுமதித்த நாடுகளை வினவி 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நிலையம் பொருத்திய விமானங்களிற் பேச்சினாற் பிரயாணிகளிடையே பூசல் விளைந்ததாக அந்நாடுகள் ஒன்றேனும் கூறவில்லை. அஞ்சியவாறு எதுவும் நிகழவில்லையே, பின்னர் ஏன் தடை என்பர். வலிய வாதமே. ஆயின் அமைதி நிலவியதற்கு மக்களின் பண்பாடு மட்டுமன்றிக் கட்டணமும் காரணமாயிருந்தது. செய்மதி வழிப் பேச்சு விலையுயர்ந்தது. இருக்கைத் தொலைபேசியும் அவ்வாறே பெருந்தொகை வாங்கியதால் ஆளின்றி நலிந்து 2006இல் அமெரிக்க விமானங்களிலிருந்து நீங்கிற்று. இன்றோ செய்மதி இணையத் தொடர்பு விரைவாய் மலிந்து வருகின்றது. பல விமானங்களில் அது கட்டணமின்றியே கிடைக்கின்றது. விலை என்னும் வேலி வீழ்ந்தபின், முன்னைய அனுபவத்தைக் காட்டி ஆறுதல் கொள்ளவியலாது.

நோயுற்ற தாயின் நிலையறியவும், தவறிய இணைப்புப் பறப்புக்கு மாற்று வழி தேடவும் தொடர்பு வேண்டுமே எனின், அத்தேவை மெய்யானது. அதனை மறுத்தல் கொடுமை. ஆயின் அத்தகைய தேவைகளுட் பெரும்பாலானவற்றுக்கு எழுத்துச் செய்தி போதும். எழுத்துச் செய்தி எவருறக்கத்தையும் கலைப்பதில்லை. எனவே, உரிய நிலையமுள்ள விமானத்தில் ஓசையற்ற பயன்பாடு அனைத்தையும் விடுத்து, குரலை மட்டும் அடக்குதலே நேரிய வழி. உண்மையான அவசரத்திற் பணியாளரிடங் கூறி, பணியாளர் நிற்கும் பின்பகுதிக்குச் சென்று இரண்டொரு நிமிடம் பேச இடமளித்தால் ஒருவருக்கும் நட்டமில்லை.

புறப்படும் வேளையிலும் இறங்கும் வேளையிலும் குரலை அடக்குதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது காதைப் பற்றியதன்று, கவனத்தைப் பற்றியது. 2009 ஒக்ரோபரில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் இறங்க வேண்டிய விமானம் ஒன்று, அதனைக் கடந்து ஏறத்தாழ 150 மைல் அப்பாற் சென்றது. விமானிகள் இருவரும் மடிக்கணினியில் ஆழ்ந்து நிலத்திலிருந்து வந்த அழைப்புகளைத் தவறவிட்டனர். கருவியின் அலை யாதொன்றையும் குழப்பவில்லை; கருவி பிடித்திருந்தோரின் மனமே குழம்பியிருந்தது. விமானிகள் பறப்பு வேளையிற் சொந்தத் தேவைக்கு இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துதல் 2014இல் விதியினால் விலக்கப்பட்டது. பிரயாணி விமானத்தைச் செலுத்துவதில்லை. எனினும் வெளியேறும் வாயிலை அறிவிக்கும் குரலை அவன் கேட்டிருத்தல் வேண்டும்.

உண்மைக் காரணத்தை உரிய பெயராற் கூறாமையின் விளைவு சிறிதன்று. 1999இல் இங்கிலாந்தில், பறப்பின்போது தொலைபேசியை நிறுத்த மறுத்த ஒருவருக்கு நீதிமன்றம் பன்னிரண்டு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அத்துணைக் கடுமையோடு காக்கப்பட்ட விதியையே, சில ஆண்டுகளின் பின் கார்னெகி மெலன் ஆய்வாளர் ஏறிய பறப்புகளில் ஒன்றுமுதல் நால்வர் வரை மீறிக்கொண்டிருந்தனர். வானூர்தி விழும் என அச்சுறுத்தப்பட்டோர், விழாமையைப் பலமுறை கண்டபின், அச்சுறுத்தலை மட்டுமன்றி அதனோடு சேர்த்துக் கூறப்படும் ஏனைய அறிவித்தல்களையும் வாளா கேட்டிருக்கப் பழகுவர். அவ்வறிவித்தல்களுட் சில உயிர்காப்பன.

அமெரிக்கக் காங்கிரஸ் 2018இல் இயற்றிய விமானத்துறைச் சட்டத்தின் 403ஆம் பிரிவு இவ்வகையில் முன்னைய விதிகளினின்றும் வேறுபட்டது. உள்நாட்டுப் பிரயாணிப் பறப்புகளிற் கைத்தொலைபேசி வழியாகக் குரலுரையாடல் நிகழ்த்துதலைத் தடுக்கும் விதிகளை வகுக்குமாறு அது போக்குவரத்துத் திணைக்களத்தைப் பணிக்கின்றது. கடமையிலுள்ள விமானிகளுக்கும் பணியாளருக்கும் சட்டங்காக்கும் அதிகாரிகளுக்கும் அதில் விலக்குண்டு. மீடிறனைப் பற்றியோ, வலுவைப் பற்றியோ, கோபுரத்தைப் பற்றியோ அப்பிரிவிற் பேச்சில்லை. அது தடுக்கக் கருதியது குரல் ஒன்றையே.